நாற்காலிக்கு விடுகிற இடம்

என் அம்மா தெக்லா வஸ்கோ தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் திருடினாள். ஒரு நாற்காலி. எங்கள் பிட்ஸ்பர்க்கில் அதற்குப் பதில் ஒரு காரைத் திருடியிருக்கலாம். மன்னித்திருப்பார்கள்.

இங்கே பல வீடுகளுக்குக் கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது. தெருதான். பனி கொட்டிய மறுநாள் முதுகு ஒடிய வாசலைச் சுரண்டி ஒரு காருக்கு இடம் பண்ணியவன், வேலைக்குப் போகும்போது அங்கே ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. சட்டத்தில் இது இல்லை. ஆனால் போலீஸ்காரர் வீட்டு வாசலிலும் நாற்காலி நிற்கும், பாதிரியார் வீட்டு வாசலிலும் நிற்கும். பனி உருகிய பிறகும் சிலருடையது நிற்கும். அதைத் தொட்டவனோடு தெரு பேசாது.

அப்படி ஒரு நாற்காலியைத்தான் அம்மா எடுத்தாள். எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டினாள்.

அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. கோப்பை மேசையில் அப்படியே இருந்தது. நான் நகராட்சியில் சிக்னல் விளக்குகளைப் பழுது பார்ப்பவள். எதையும் நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கு விளங்கும். அப்படியே சொல்கிறேன்.

அம்மா பேருந்து ஓட்டினாள். ஆற்றோரத்துச் சமவெளியில் தொடங்கி கெஸ்லர் மேட்டில் ஏறி இறங்கும் தடம். கெஸ்லர் மேடு என்றால் தெருவா சுவரா என்று கேட்கத் தோன்றும். நடந்து ஏறுபவர்களுக்காக நடைபாதையில் படி வெட்டியிருக்கிறார்கள். அந்த மேட்டில் அம்மா பனியிலும் மழையிலும் பேருந்தை ஏற்றினாள். ஷிஃப்டு முடிந்து இறங்கியதும் சைக்கிளில் ஏறி அதே மேட்டில் வீட்டுக்கு மிதித்தாள்.

"ஒனக்கென்ன வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறேன்.

"நாள் பூரா ஊரையே முதுகுல சுமக்கிறேன்டி. வீட்டுக்குப் போறப்பவாச்சும் பின்னால யாரும் இல்லாம போறேன். இதுல மணிய நான்தான் அடிப்பேன். வேற எவனும் அடிக்க முடியாது."

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எங்கள் குடும்பம் கார்ப்பாத்திய மலைப்பக்கத்திலிருந்து வந்தது. முன்னோர் கொண்டுவந்த மொழியில் அவளுக்கு மிச்சமிருந்தவை ஜெபங்களும் வசவுகளும் மட்டுமே. ஜெபம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற நாள்களில் கெஸ்லர் மேட்டில் இரண்டாவது வகை கேட்கும்.

அந்த வசவுகளில் பெரும்பங்கு ஒரு கறுப்பு பிக்கப் வண்டிக்குப் போனது. கூரை வேலைக்காரனுடைய வண்டி, மேலே ஏணி. அம்மா மேட்டில் மூச்சு வாங்க ஏறும் நேரமும் அவன் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பின்னால் வந்து ஹார்ன் அடிப்பான். எஞ்சினை உறுமவிடுவான். பிறகு உரசுகிற மாதிரி ஒட்டிப் போவான். நாலடி இடம் விட வேண்டும் என்று எங்கள் மாநிலச் சட்டம் சொல்கிறது. அவன் ஒரு சாண் விட்டான்.

ஒரு நவம்பர் சாயங்காலம் அந்தச் சாணும் இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடி அம்மாவின் இடது முழங்கையில் இடித்தது. அவள் விழவில்லை. துரத்தினாள்.

இந்த ஊரில் சைக்கிளை முந்துகிற கார் எங்கேயும் போய்விடுவதில்லை. அடுத்த சிவப்பு விளக்கில் காத்திருக்கும். மேட்டு உச்சியில் அம்மா அவனைப் பிடித்தாள். உள்ளங்கையால் கதவில் ஓங்கி அறைந்தாள். இரண்டு மொழிகளிலும் திட்டினாள். உடம்பில் பேருந்துச் சீருடை இருந்தது. நடைபாதையில் யாரோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டிப்போ மேலாளர் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். சீருடையில் தெருவில் இன்னொரு சண்டை என்றால் பேருந்தைத் தொட முடியாது, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்றார்.

அன்று சாயங்காலம் லோரெட்டா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு அதே டிப்போவில் ஓட்டுபவள், சங்கப் பொறுப்பாளர். மேலாளர் அறையில் அம்மாவுக்குத் துணையாக நின்றவளும் அவள்தான். முட்டைக்கோஸ் போட்டு வதக்கிய நூடுல்ஸைத் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏன்டி தெக்லா, கை அரிச்சா என் முதுகச் சொறிஞ்சு விடு. அவன் கதவ எதுக்குடி தட்டறே?"

"அவன் என் முழங்கைய இடிச்சான்."

"இடிச்சான். நான் நம்பறேன். ஆனா படத்துல அது இல்லியே. நீ அறையறதுதான் இருக்கு. அதப் பாத்தா யாரு பைத்தியம்? நீதான். பாவம், ஒரு மனுஷன் கண்ணாடிய ஏத்திக்கிட்டு நடுங்கிப்போய் உக்காந்திருக்கான்."

"அவனா நடுங்கினான்?"

"ஒன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். நானே நடுங்கினேன்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றே? கும்பிடு போடவா?"

"கைய ஆட்டு."

"எந்த விரல?"

"அஞ்சையும். அஞ்சும் தெரிஞ்சா நீ அவனுக்கு வணக்கம் சொல்றே. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா ஒன் வேலைக்கு டாட்டா சொல்றே. அவ்வளவுதான் வித்தியாசம்."

"சைக்கிள விட்டுடும்மா" என்றேன் நான்.

அம்மா கரண்டியை மேசையில் வைத்தாள். "பஸ்ஸயும் விடமாட்டேன். சைக்கிளையும் விடமாட்டேன். ரெண்டும் என்னுது. ரெண்டுல ஒண்ணப் பிடுங்க அவன் யாரு?"

அன்றிலிருந்து அவளுடைய போராட்டம் இதுதான். வாயைத் திறந்தால் பேருந்து போகும். மேட்டில் விழுந்தால் எல்லாமே போகும்.

அவள் கையாட்டப் பழகினாள். குளிருக்குப் போட்ட தடித்த கையுறையில் எத்தனை விரல் என்று வெளியே தெரியாது. அதனால் கையுறையைக் கழற்றிவிட்டு ஆட்டினாள். ஹார்ன் அடித்தவனுக்கு ஆட்டினாள். குறுக்கே வெட்டியவனுக்கு ஆட்டினாள். நிறுத்திய காரின் கதவைத் திடீரென்று திறந்தவளுக்கும், பிரேக்கை அழுத்தியபடியே, ஆட்டினாள். சிலர் குழம்பிப்போய்த் திருப்பி ஆட்டினார்கள். தெரிந்தவள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உதட்டுக்குள் வசவு ஓடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும்; பச்சை விழுந்ததும், நேரே போகிறவர்கள் எதிரே இடப்பக்கம் திரும்ப நிற்கிற முதல் காரை முன்னால் போகவிடுவார்கள். விதிப்படி தப்பு. ஊர்ப்படி மரியாதை. அந்த முதல் கார் எதிரே சைக்கிள் வருவதைப் பார்க்காமலே பாயும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் அம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும். இப்போது கையை விரித்து, போ ராசா போ என்று வழிவிட்டாள்.

"முகத்தப் பாக்காதே லூபா. சிரிச்சிக்கிட்டே ஏத்துவான். முன்சக்கரத்தப் பாரு. அது எங்க திரும்புதோ அவன் அங்கதான் போறான்." அவளோடு ஓட்டும்போது என்னிடம் இதைத்தான் கத்துவாள்.

எல்லோரிடமும் கை வேலை செய்தது. கறுப்பு பிக்கப்பிடம் செய்யவில்லை. அவன் முன்னைவிட ஒட்டினான்.

நான் அவள் ஹேண்டில் பாரில் ஒரு கேமரா பொருத்தினேன். கோணம், வெளிச்சம் எல்லாம் சரிபார்த்தேன். பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பு அவன் நம்பர் பலகையில் அப்பிக்கிடந்ததை மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. காவல் நிலையத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"வண்டி கறுப்புன்னு நல்லாத் தெரியுதும்மா. இந்த ஊர்ல கறுப்பு பிக்கப் இல்லாத தெரு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

ஜனவரியில் பெரிய பனி. ஞாயிறு பிற்பகல், நாங்கள் இருவரும் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தோம். எதிர்வீட்டுக்காரர் தன் இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துவிட்டுப் போயிருந்தார். காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவின் பாதிக்குத் தள்ளிவிட்டது. ஒரு கார் வந்தது. நின்றது. எதிர்த்தடத்தில் முழுதாக இறங்கி, நாற்காலியைச் சுற்றிப் போனது. அடுத்த காரும் அப்படியே. அதற்கடுத்து வந்தது உப்பு தூவுகிற லாரி. அதுவும் அப்படியே.

அம்மா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.

"லூபா! பாருடி! அந்தப் பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு இடம் விடறான் பாரு! அது ஒடஞ்சா அழ யாரு இருக்கா? எனக்கு ஒரு சாண் விடறான், அதுக்கு ஒரு தெருவே விடறானே!"

"அது யாரோடதோ நாற்காலிம்மா."

"நான் யாரோடதும் இல்லியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பனி உருகத் தொடங்கிய பிறகு, குப்பை எடுக்க வரும் ஒரு நாளில் அவள் வீடு திரும்பியபோது கேரியரில் ஒரு நாற்காலி குறுக்காகக் கிடந்தது. பச்சை இரும்புக் குழாய், கிழிந்த இருக்கை, ஒரு கால் துருப்பிடித்தது. கெஸ்லர் மேட்டில் ஒரு வீட்டு முன்னால் குப்பைத் தொட்டிகளின் மேல் சாய்ந்து கிடந்ததாம். வேண்டாம் என்று போட்டது என எடுத்துவந்துவிட்டாள். நான்கு கால்களும் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

நான் ஆட்சேபித்தேன். பக்கக் காற்று இழுக்கும், எடை ஒருபுறம் சாயும், பிரேக் போட்டால் வால் ஆடும். எல்லாம் உண்மை.

"கணக்கெல்லாம் சரிதான். பின்னால வந்து பாரு" என்றாள்.

என் சைக்கிளில் பின்னால் போனேன். என் கண்களையே என்னால் நம்ப முடியவில்லை! கார்கள் வேகம் தணிந்தன. தயங்கின. எதிர்த்தடத்தில் பாதி போய்ச் சுற்றின. உரசுவதற்கென்றே பிறந்த மாதிரி ஓட்டும் டாக்ஸிக்காரர்கள்கூட, திருவிழாத் தேருக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள். அந்த நாற்காலி அவர்கள் கையில் எதையோ தொட்டது, மூளைக்கு எட்டுமுன் ஸ்டியரிங் திரும்பியது. ஒருவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, எந்த எடத்தப் பிடிச்சி வெக்கப் போறே?"

"நான் போற எடமெல்லாம் என் எடந்தான்!" என்று அம்மா கத்தினாள். ஐந்து விரலும் காற்றில் விரிந்தன. இந்த முறை வசவு இல்லை. வெறும் சிரிப்பு.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு ராணி. கறுப்பு பிக்கப்கூடக் கண்ணில் படவில்லை. பேருந்தில் ஏறுகிற பயணிகள் எல்லாம் "நாற்காலிக்காரி" என்று கூப்பிட்டார்கள்.

பிறகு அந்த மத்தியானம்.

கெஸ்லர் மேட்டின் அடிவாரச் சந்திப்பில் ஒரு விளக்கு பழுது. நானும் என் கூட்டாளியும் வேலையில் இருந்தோம். நடைபாதை ஓரத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்து நின்றிருந்தேன். விளக்கை மாற்றுமுன் நாலு பக்கமும் சிவப்பு மினுக்கும்படி சுவிட்சைப் போட வேண்டும். எல்லோரும் நின்று நின்று போவார்கள். எதிர் நிறுத்தத்தில் லோரெட்டாவின் பேருந்து பயணிகளோடு நின்றிருந்தது.

முதலில் ஹார்ன் கேட்டது. விடாத ஹார்ன். மேலிருந்து.

நிமிர்ந்தேன். மேட்டில் அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியான ஷிஃப்டு; சீருடை, பின்னால் பச்சை நாற்காலி. அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல், கறுப்பு பிக்கப். ஏணி மேலே குதித்தது. ஓட்டுபவன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.

அம்மா இரண்டு பிரேக்கையும் பிடித்திருந்தாள். அந்தச் சரிவில் பிரேக் ஒரு கோரிக்கை மாதிரிதான். நாற்காலி வாலாக ஆடியது, நான் சொன்னபடியே. அவளுக்கு எதிரே விளக்கு பச்சை. குறுக்குத் தெருவில் மணல் லாரி ஒன்று எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தது. பச்சை மாறப்போகிறது. அவள் சந்திப்பை அடையும் நேரத்துக்குச் சரியாக மாறும். அந்தச் சுழற்சியை வகுத்தவர்களில் நானும் ஒருத்தி.

எப்படியும் போடப்போகிற சுவிட்ச்தான். போட்டேன்.

நாலு பக்கமும் சிவப்பு மினுக்கியது. கிளம்பப் பார்த்த மணல் லாரி தலையாட்டி நின்றது. அம்மா கால்களைத் தரையில் தேய்த்தபடி வந்து, கோட்டில் நின்றாள். பிக்கப்பின் டயர்கள் கீச்சிட்டன. அதன் மூக்கு நாற்காலியின் காலுக்கு ஒரு விரல் தள்ளி நின்றது.

நான் ஓடினேன். அவன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். அகன்ற தோள், தார் படிந்த கைகள். பேருந்தின் ஜன்னல்களில் ஐந்தாறு போன்கள் முளைத்துவிட்டன. அம்மாவின் முகம் சிவந்துவந்தது. நவம்பரிலிருந்து சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் அவள் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஒன்று வெளியே வந்தால் போதும், பேருந்து போய்விடும்.

அவன்தான் முதலில் கத்தினான்.

"என் நாற்காலி!"

ஜன்னல்களில் இருந்த போன்கள் எல்லாம் நாற்காலிப் பக்கம் திரும்பின.

"என் நாற்காலிய எடுத்துட்டா! ஒரு வாரமாத் தேடறேன்! ஊரெல்லாம் கட்டிக்கிட்டுச் சுத்தறா! திருடி!"

லோரெட்டா பேருந்துக் கதவைத் திறந்து படியில் இறங்கி நின்றாள். "தெக்லா. இல்லேன்னு சொல்லு. கடைல வாங்கினேன்னு சொல்லு."

"நாற்காலியவா எடுத்தா?" என்றார் பேருந்துக்குள்ளிருந்து ஒரு பெரியவர். "அடக் கடவுளே. பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரி இருக்கா."

மணல் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "யார் நாற்காலி?"

"என்னுது!"

"எடுத்தது?"

"இவ!"

லாரிக்காரர் எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஒரு நிமிடத்துக்கு முன் இரண்டு டன் வண்டியால் ஒரு பெண்ணைத் துரத்திவந்தவன் அவன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சந்திப்பு முழுவதும் அவன் பக்கம்.

அம்மா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "குப்பைத் தொட்டி மேல கெடந்துச்சே."

"காத்துல போய் விழுந்திருக்கும்! அது எங்கம்மாவுக்காக வெச்சது. அவங்களுக்கு நடக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தா வாசல்ல எவனோ வண்டிய நிறுத்தியிருக்கான். மேட்டுக்குக் கீழ நிறுத்திட்டு, அந்தப் படியெல்லாம் எங்கம்மாவத் தூக்கிக்கிட்டு ஏறினேன். ஒரு தடவையா? போன வாரம் பூரா. அவங்க அழறாங்க. என்ன எறக்கி விடுடா, நான் ஒனக்குப் பாரமாயிட்டேன்னு அழறாங்க." அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினான். "ஒரு நாற்காலிக்காக!"

அம்மாவின் முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது. முழங்கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று அது பதில் ஆகியிருக்கும், எதிர்வழக்கு ஆகியிருக்கும். அவள் சைக்கிளிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுது" என்றாள். பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரல், நிறுத்தங்களின் பெயரைச் சொல்கிற குரல். "கேட்டுட்டு எடுத்திருக்கணும். கேக்கல. ஒங்கம்மாகிட்டயும் சொல்லணும்."

அவன் கொஞ்சம் தடுமாறிவிட்டான். சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சரி. குடு. வண்டியில போட்டுக்கறேன்."

"இல்ல. எடுத்தவ நான். நானே கொண்டுபோய் எடுத்த எடத்துல வெப்பேன்."

"இந்த மேட்டுலயா?"

"தெனம் ஏறற மேடுதானே. நீயே பாத்திருக்கியே." அந்த ஒரு ஊசியை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. "ஷிஃப்டுக்கு நேரம் இருக்கு. லூபா, நீ இவர் வண்டியில ஏறிக்க. ஓடிப்போயிடாம பாத்துக்க."

"நான் எதுக்கு ஓடணும்? என் நாற்காலி ஒன்கிட்ட இருக்கு!"

பேருந்து முழுக்கச் சிரிப்பு. என் கூட்டாளி விளக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினான். நான் பிக்கப்பில் ஏறினேன். கார்மைன் ஃபுஸ்கோ என்று அவன் தன் பெயரைச் சொன்னான்.

அம்மா ஏறத் தொடங்கினாள். நாங்கள் பின்னால். மேட்டில் அவள் வேகம் நடப்பவனின் வேகம். நாற்காலிக் கால்கள் தடத்தின் நடுவரை நீட்டிக்கொண்டிருந்தன. கார்மைன் தன் நாற்காலியை இடித்து முந்த முடியாது. முதல் கியரில் ஊர்ந்தான்.

பின்னால் ஹார்ன் கேட்டது. பிறகு இரண்டு ஹார்ன். பிறகு ஒரு வரிசையே அடித்தது. கார்மைனின் கழுத்து சிவந்தது.

"எதுக்கு அடிக்கிறானுங்க? என்ன நான் தூங்கறேனா? முன்னால ஆள் போகுது, தெரியலயா?"

அதைச் சொல்லிவிட்டு அவனே சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. எங்களை முந்தியது. எதிரே வண்டி வருவதைப் பார்த்து அம்மாவுக்கும் எங்களுக்கும் நடுவில் புகுந்தது, பிறகு அவளையும் ஒட்டி வெட்டியது. நாற்காலிக் கால் அதன் கண்ணாடியில் பட்டு டிங்கென்றது. சைக்கிள் ஆடியது. அம்மா வலப்பக்கம் சாய்ந்தாள், சாய்ந்தாள், நிமிர்ந்தாள்.

கார்மைன் ஹார்னில் முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். ஜன்னலில் தலையை விட்டான்.

"டேய்! கண்ணு அவிஞ்சு போச்சா? மனுஷி போறாடா! செத்துருப்பாளேடா!"

கை வெளியே போனது. ஒரு விரல் எழும்பத் தொடங்கியது.

"அஞ்சு" என்றேன்.

"என்னது?"

"அஞ்சையும் காட்டணும். இல்லேன்னா படத்துல நீங்கதான் பைத்தியம்."

அவன் என்னைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மெல்ல விரித்தான். முன்னால், மூச்சு இரைக்க ஏறிக்கொண்டிருந்த அம்மாவும், திரும்பிக்கூடப் பார்க்காமல், வெள்ளைக் காருக்குக் கையை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கார்மைன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் கார் நின்றிருந்தது. சீருடை போட்ட ஒருத்தி நாற்காலியோடு வருவதையும், பின்னால் ஒரு ஊர்வலமே ஹார்ன் அடித்து வருவதையும் பார்த்த அந்த மனிதர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து காரை எடுத்துவிட்டார். அம்மா கயிற்றை அவிழ்த்தாள். நாற்காலியை நடுவில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, நேராக்கினாள்.

கதவைத் திறந்துகொண்டு திருமதி ஃபுஸ்கோ நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வந்தார். அம்மா தொப்பியைக் கழற்றி நடந்ததைச் சொன்னாள்.

"சைக்கிள்ல நாற்காலி எதுக்கும்மா? அதுலதான் ஏற்கெனவே உக்காந்திருக்கியே?"

"எடம் விடறாங்க. நாற்காலின்னா விடறாங்க."

"இல்லாட்டி விடமாட்டாங்களா?"

அம்மா தயங்கினாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கையில் வெள்ளையாக ஒரு தழும்பு. "நவம்பர்ல ஒரு வண்டிக் கண்ணாடி பட்டது" என்றாள். யாருடையது என்று சொல்லவில்லை. வாசலில் நின்ற பிக்கப்பையும் பார்க்கவில்லை.

திருமதி ஃபுஸ்கோ தழும்பைப் பார்த்தார். மகனின் முகத்தைப் பார்த்தார்.

"கார்மைன்."

அவன் வீட்டுக்குள் போய்விட்டான். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பாட்டிலோடு திரும்பி வந்து அம்மாவிடம் நீட்டினான்.

"கை வலிக்குதா?"

"குளிர்ல வலிக்கும்."

"நான் தெரிஞ்சு இடிக்கல."

"தெரிஞ்சு ஒட்டினே."

அவன் நாற்காலியைப் பார்த்தான். "ஆமா" என்றான். "வீட்டுல அம்மா தனியா இருக்காங்கன்னு அவசரம். முன்னால நீ போனா எரிச்சல். ஆனா தெரிஞ்சுதான் ஒட்டினேன்."

அம்மா பாதித் தண்ணீரைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "சரி. எனக்கு ஷிஃப்டு இருக்கு" என்று சைக்கிளில் ஏறினாள்.

சந்திப்பில் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். லோரெட்டா சட்டத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கூடப் போனாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"நெசமாவே நாற்காலிய எடுத்தியா?"

"எடுத்தேன்."

"திருப்பி வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"வண்டிய எடு. லேட்டாகுது."

அதற்குப் பிறகு அம்மா எங்கள் சமையலறையிலிருந்த மஞ்சள் நாற்காலியைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் திருந்திவிடவில்லை. அந்த வெள்ளைக் காரை மறுபடி இரண்டு முறை பார்த்தேன், அதே ஓட்டு. ஆனால் மேட்டில் கறுப்பு பிக்கப் வந்தால் பின்னாலேயே ஊரும். முந்தினால் ஒரு தெருவே விட்டு முந்தும். பேருந்தும் அவளுடையதாகவே இருந்தது. சைக்கிளும். இறப்பதற்கு முந்தின நாள்கூட ஷிஃப்டு முடித்து அதில்தான் வீட்டுக்கு வந்தாள்.

அடக்கம் அன்று மழைத் தூறல். எங்கள் குவிமாடக் கோயிலில் பாடி முடித்து, மேட்டு உச்சியிலிருக்கும் கல்லறைக்குப் புறப்பட்டோம். சவ வண்டி முன்னால். கூரையில் சின்னக் கொடி குத்திய கார்கள் பின்னால். நடுவில் நான், அம்மாவின் சைக்கிளில், மஞ்சள் நாற்காலியோடு. எனக்கு அந்த மேட்டை மிதித்து ஏறிப் பழக்கமில்லை. சவ வண்டி மெதுவாகத்தான் போனது. அதற்கும் பின்தங்கினேன்.

பின்னால் எங்கோ ஒரு ஹார்ன் அடித்தது. கொடி இல்லாத, எங்களைச் சேராத ஏதோ ஒரு கார். மறுபடி அடித்தது. நீளமாக.

எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா ஆட்டியிருப்பாள். நானும் ஆட்ட நினைத்தேன். அந்தச் சரிவில் ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். ஹேண்டில் பாரில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் கறுப்பு பிக்கப், முதல் கியரில். பக்கத்து இருக்கையில் லோரெட்டா. ஓட்டுபவனின் ஜன்னல் இறங்கியிருந்தது. கையுறை இல்லாத ஒரு கை மழையில் நீண்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. உச்சிக்குப் போகும்வரை அந்தக் கை உள்ளே போகவில்லை.